நோவாவின் கேசட்டும் என் அம்மாவும்

(நம் கல்லூரிப் பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். உரையாற்றியவர் மின்னணுவியல் துறையில் 2009-ஆம் ஆண்டு பட்டம் பெற்றவர்.)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "தம்பி, கால் மணி நேரம் பேசணும், தலைப்பு உன் இஷ்டம்" என்றார். எனக்கு முன்னால் பேசியவர்கள் தொழில் தொடங்குவது, செயற்கை நுண்ணறிவு என்று பெரிய பெரிய விஷயங்களைப் பேசிவிட்டார்கள். நான் ஒரு பழைய வீடியோ கேம் கேசட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்கிறீர்கள். பின்வரிசையில் எங்கள் செட் பையன்கள் இன்னும் அதிகமாகச் சிரிக்கிறார்கள். ஹாஸ்டலில் என் பெட்டிக்குள் அந்தக் கேசட்டைப் பார்த்தவர்கள் அவர்கள்.

எனக்கு ஊர் நாசரேத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை சண்டே ஸ்கூலுக்கும் அவர்தான் வாத்தியார். ஆகவே எனக்கு வாரத்தில் ஏழு நாளும் பள்ளிக்கூடம்! அம்மா ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராம செவிலியர். சுற்று வட்டாரத்தில் என் வயதுப் பிள்ளைகள் பாதிப்பேர் அம்மா கையில் பிறந்தவர்கள்தான்.

கிறிஸ்தவனாக வளர்வது என்றால் என்ன என்று ஹாஸ்டலில் நண்பர்கள் கேட்பார்கள். பெரிய தத்துவம் ஒன்றும் எனக்கு அப்போது தெரியாது. சண்டே ஸ்கூலில் பச்சைத் துணி ஒட்டிய ஒரு பலகை இருக்கும். அதில் நோவா, பேழை, ஒட்டகம், யானை என்று காகிதப் படங்களை அப்பா ஒட்டி ஒட்டிக் கதை சொல்வார். மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி வரும். கை அசைத்துப் பாட்டு, கடைசி நாளில் மிட்டாய். வசனம் மனப்பாடம் சொன்னால் அட்டையில் ஒரு நட்சத்திரம் ஒட்டுவார்கள். அதிக நட்சத்திரம் வாங்கினவனுக்குப் பரிசு. இருபத்து மூன்றாம் சங்கீதத்தை முழுதாகச் சொல்லி நான் வாங்கியது ஒரு எவர்சில்வர் டம்ளர். உண்மையைச் சொல்கிறேன், நான் மனப்பாடம் செய்தது டம்ளருக்காகத்தான். ஆண்டவருக்காக அல்ல.

அந்தக் காலத்தில் டிவி கேம் வந்துவிட்டது. மரியோ, காண்ட்ரா, டேங்க், வாத்து சுடுவது எல்லாம் ஒரே கேசட்டில் "ஆயிரம் கேம்" என்று எழுதி வரும். திறந்து பார்த்தால் அதே பத்து கேம் திரும்பத் திரும்ப இருக்கும். என் பெரியம்மா மகன் மதுரையிலிருந்து எனக்கு ஒரு செட் வாங்கிக் கொடுத்தான். அப்பா ஒரே ஒரு சட்டம் போட்டார். "ஞாயிற்றுக்கிழமை அதைத் தொடக் கூடாது." காரணம் கேட்டால், "ஓய்வுநாள்ல எதுக்குல துப்பாக்கி?" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

1999 கிறிஸ்மஸுக்கு அமெரிக்காவிலிருந்து பெரிய மாமா வந்தார். அவர் போகிற சபையில் பழைய பொருள் விற்பனை நடந்ததாம். ஒரு டாலருக்கு எனக்கென்று ஒரு கேசட் வாங்கி வந்திருந்தார். வெளிர் நீல நிறம். மேலே 'பைபிள் அட்வெஞ்சர்ஸ்' என்று பெயர். உள்ளே மூன்று விளையாட்டு: நோவாவின் பேழை, குழந்தை மோசே, தாவீதும் கோலியாத்தும். மாமா அப்பாவிடம், "அத்தான், இதை ஞாயிற்றுக்கிழமையும் போடலாம்லா?" என்றார். அப்பா கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நோவான்னா சரி" என்று தீர்ப்புச் சொன்னார்.

நான் ஓடிப்போய் செட்டை எடுத்தேன். கேசட் உள்ளே போகவில்லை. வாயை விட அது பெரிது!

தம்பி தங்கைகளுக்காக இந்த இடத்தில் கொஞ்சம் பாடம். நிண்டெண்டோ கம்பெனி ஜப்பானில் 1983-இல் விட்ட பெட்டிக்கு கேசட்டில் 60 கால்கள். அதையே 1985-இல் அமெரிக்காவில் விட்டபோது 72 கால்கள் ஆக்கினார்கள். நம் ஊருக்கு வந்த செட்டெல்லாம் ஜப்பான் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல்கள். மாமா கொண்டு வந்தது அமெரிக்கக் கேசட். ஆக, என் ஞாயிற்றுக்கிழமை அனுமதி 72 காலோடு பீரோவுக்குள் போய்விட்டது. அம்மாவின் வேதப் புத்தகத்துக்குப் பக்கத்தில் எட்டு வருஷம் இருந்தது. அம்மா தூசி தட்டும்போது அதையும் சேர்த்துத் தட்டி வைப்பார்கள்.

நான் இங்கே 2005-இல் சேர்ந்தேன். இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஒருநாள் பிரவுசிங் சென்டரில் அந்தக் கேசட்டின் பெயரைத் தட்டிப் பார்த்தேன். கதை வந்து விழுந்தது.

அதைச் செய்தது கலிஃபோர்னியாவில் 'கலர் ட்ரீம்ஸ்' என்ற ஒரு சின்ன கம்பெனி. நிண்டெண்டோ தன் அமெரிக்கப் பெட்டிக்குள் ஒரு பூட்டுச் சில்லு வைத்திருந்தது. கேசட்டுக்குள்ளும் அதே மாதிரி ஒரு சில்லு இருக்க வேண்டும். இரண்டும் ஒரே தாளத்தில் பேசிக்கொள்ளும். தாளம் தப்பினால் பெட்டி திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்கிக்கொண்டே இருக்கும். உரிமம் வாங்கிக் காசு கட்டினவர்களுக்குத்தான் அந்தச் சில்லு கிடைக்கும். கலர் ட்ரீம்ஸ்காரர்கள் உரிமம் வாங்கவில்லை. கேசட்டிலிருந்து ஒரு மின்னழுத்த அடியை அனுப்பி அந்தப் பூட்டுச் சில்லை மயங்க வைத்துவிட்டார்கள். திருட்டு என்று சிலர் சொல்லலாம். மின்னணுவியல்காரனாக எனக்கு அன்று ஒரு கைத்தட்டல்தான் தோன்றியது.

பூட்டு திறந்தது, கடை திறக்கவில்லை. உரிமம் இல்லாத கேசட்டை வைத்தால் நிண்டெண்டோவின் கோபத்துக்கு ஆளாவோம் என்று பொம்மைக் கடைக்காரர்கள் பயந்தார்கள். அப்போதுதான் அவர்களுக்கு ஒரு யோசனை வந்தது. அமெரிக்கா முழுக்கக் கிறிஸ்தவப் புத்தகக் கடைகள் இருக்கின்றன. அந்தக் கடைக்காரர்கள் நிண்டெண்டோ சரக்கு எதையும் விற்பதில்லை. ஆகவே நிண்டெண்டோவுக்குப் பயப்பட வேண்டியதும் இல்லை. அங்கே வைக்க வேண்டுமானால் வேதாகமக் கதை வேண்டும். அவ்வளவுதான்! 'விஸ்டம் ட்ரீ' என்று புதுப் பெயர். 1991-இல் பைபிள் அட்வெஞ்சர்ஸ். மூன்றரை லட்சம் கேசட் விற்றதாகச் சொல்கிறார்கள். நிரல் எழுதியவர்களில் பலருக்குச் சபைப் பழக்கமே இல்லை என்பதைப் பின்னாளில் அவர்களே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னும் வேடிக்கை இருக்கிறது. 'கிரிஸ்டல் மைன்ஸ்' என்று சுரங்கத்துக்குள் ஓர் இயந்திர மனிதன் ஓடும் விளையாட்டு அவர்களிடம் முன்பே இருந்தது. இயந்திர மனிதனை எடுத்துவிட்டு மோசேயை வைத்தார்கள், 'எக்ஸோடஸ்' ஆயிற்று. யாத்திராகமம் என்று பெயர், உள்ளே பாறை உடைக்கிற அதே சுரங்க வேலை. 'மெனஸ் பீச்' என்று 1990-இல் ஒரு கேம். சக்கரப் பலகையில் ஓடும் பையன் கடத்தப்பட்ட காதலியை மீட்கப் போவான். ஐந்து வருஷம் கழித்து அதே பையன், அதே தெரு. போகிற இடம் மட்டும் சண்டே ஸ்கூல்! பெயர் 'சண்டே ஃபன்டே'. 1994-இல் வந்த ஒரு நோவா விளையாட்டு, 'உல்ஃபன்ஸ்டைன்' என்ற துப்பாக்கி விளையாட்டின் உள் எஞ்சினை உரிமம் வாங்கிச் செய்தது. துப்பாக்கிக்குப் பதில் கவண். மிருகங்களுக்குத் தீனியை எறிந்தால் அவை தூங்கிப்போகும். என் அப்பா "எதுக்குல துப்பாக்கி" என்று கேட்டாரே, அந்தத் துப்பாக்கியே வேஷம் மாற்றிக்கொண்டு பேழைக்குள் ஏறிவிட்டது.

பத்தொன்பது வயது. இதையெல்லாம் படித்தவுடன் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏமாந்தோம் என்று ஒரு கோபம். எனக்கு மட்டும் உண்மை தெரியும் என்று ஒரு கர்வமும்கூட. அந்த வயதில் இரண்டும் ஒன்றாகத்தான் வரும். விளையாட்டைப் பற்றி மட்டும் அந்தக் கோபம் நிற்கவில்லை. பச்சைத் துணிப் பலகை, நட்சத்திரம், டம்ளர், இவையும் இப்படித்தானோ? உள்ளே ஒன்று, மேலே ஒட்டினது ஒன்றோ? கொஞ்ச நாள் சர்ச்சுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். பொங்கல் லீவில் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, "பாத்தீங்களாப்பா, நம்பாதவன் செஞ்ச நோவாவுக்கு நீங்க ஞாயித்துக்கிழமை பெர்மிஷன் குடுத்தீங்க" என்றேன்.

அப்பா பேப்பரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "ஏய்யா, நோவாகூட நின்னு மரம் அறுத்த தச்சனெல்லாம் பேழைக்குள்ள ஏறினானா? ஏறலைன்னுதான் பிரசங்கத்துல சொல்லுதாங்க. ஆனா அவன் அடிச்ச ஆணி நின்னுச்சுல்லா? பேழை மிதந்துச்சுல்லா?"

எனக்கு அப்போது அது பதிலாகவே படவில்லை. வாத்தியார் சமாளிக்கிறார் என்று நினைத்தேன்.

மூன்றாம் ஆண்டில் அந்தக் கேசட்டை ஹாஸ்டலுக்குக் கொண்டு வந்தேன். கம்ப்யூட்டரில் எமுலேட்டர் போட்டு அந்த விளையாட்டை ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம், நண்பர்கள் சொன்னார்கள். ஆனால் எட்டு வருஷம் பீரோவில் இருந்த கேசட் ஆயிற்றே! அதைத்தான் ஓட்ட வேண்டும் என்று ஒரு பிடிவாதம். கெட்டுப்போன 60 கால் கேசட் ஒன்றைத் திறந்து அதன் பலகையை எடுத்துக்கொண்டேன். 60 காலில் ஒலிக்கான இரண்டு அமெரிக்கக் கேசட்டில் கிடையாது. அதற்குப் பதில் பூட்டுக்கு நான்கு, பெட்டியின் அடியில் இருக்கும் விரிவாக்க வாய்க்குப் பத்து சேர்த்திருந்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், 72 வரும். ஆக 58 கால்கள் பொது. 58 கம்பி, நூற்றுப் பதினாறு சால்டரிங். நம் லேபில் அப்போது இருந்த அண்ணன் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எனக்காகச் சாவியோடு காத்திருந்தார். அவர் இன்று இந்த அரங்கில் இருக்கிறார். அண்ணே, அன்று நான் சொல்லாத நன்றியை இன்று சொல்கிறேன்.

நம் ஊர் செட்டில் பூட்டுச் சில்லே கிடையாது. அமெரிக்காவில் அவர்கள் கண்டுபிடித்த அந்தத் தந்திரம் இங்கே தேவைப்படவே இல்லை. கம்பியை இணைத்தவுடன் ஓடிவிட்டது.

2007 கிறிஸ்மஸ் லீவில் ஊரில் வைத்து அப்பா, அம்மா முன்னால் போட்டேன். நோவா மாட்டையும் குதிரையையும் தலைக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு ஓடுகிறார். அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. அடுத்து குழந்தை மோசே. ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பார்வோனின் ஆட்களிடமிருந்து தப்பி ஓட வேண்டும். நிரல் எழுதினவர்கள் மிருகத்தைத் தூக்கி எறிய ஒரு பட்டன் வைத்திருந்தார்கள் அல்லவா? அதே பட்டன்தான் குழந்தைக்கும்! அமுக்கினால் குழந்தையைத் தூக்கி எறிந்துவிடும். விளையாட்டுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. உயிர் போகாது. குழந்தை இல்லாமலே எல்லைக்குப் போய்ச் சேர்ந்தால்தான், குழந்தையை மறந்துவிட்டாய் என்று நினைவூட்டும்.

நான் வேடிக்கைக்காக இரண்டு மூன்று தடவை எறிந்தேன். அதுவரை பேசாமல் இருந்த அம்மா சட்டென்று எழுந்துவிட்டார்கள்.

"ஏல, பிள்ளைய எறியாதல!"

"அம்மா, இது பொம்மைம்மா. அதுக்கு ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாதுன்னா? பச்சப்பிள்ளைய அப்படியா பிடிப்பாவ? தலையத் தாங்கிப் பிடிக்கணும்."

நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். அம்மா சிரிக்கவில்லை. முப்பது வருஷம் பிள்ளைகளைக் கையில் ஏந்தின கை அது. திரையில் பத்துப் புள்ளியில் வரைந்த ஒரு பிள்ளையைக்கூட அந்தக் கையால் விட முடியவில்லை. அந்த நிரலுக்குத் தான் எதைத் தூக்குகிறோம் என்று தெரியாது. ஆடா, மாடா, பிள்ளையா, எல்லாம் அதற்கு ஒன்று. அம்மாவுக்குத் தெரியும்.

அதையும் நான் மறந்துவிட்டேன். வேலை, பெங்களூர், கல்யாணம் என்று காலம் போயிற்று. இப்போது நான் செய்வது மருத்துவக் கருவிகளுக்கு நிரல் எழுதும் வேலை. 2016-இல் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம்.

நரம்பு வழியாக மருந்து ஏற்றும் பம்ப் ஒன்று, பெரியவர்கள் வார்டுக்காக நாங்கள் செய்தது, நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அதையே பச்சிளம் குழந்தைகள் வார்டுக்கும் கொடுக்கலாம் என்று மேலே முடிவாயிற்று. "உள்ளே ஒன்றும் தொட வேண்டாம். திரையின் நிறத்தை மாற்று, மூலையில் ஒரு குழந்தைப் படம் போடு, மூன்று வாரத்தில் கையெழுத்துப் போடு" என்றார்கள். எனக்கு உடனே ஞாபகம் வந்தது மோசே வேஷம் போட்ட அந்தச் சுரங்க இயந்திர மனிதன்தான். சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம் அம்மாவின் குரல் வந்தது. தலையைத் தாங்கிப் பிடிக்கணும்.

இன்னும் இரண்டு வாரம் கேட்டேன். முகம் சுளித்துக் கொடுத்தார்கள். ஒன்பதாம் நாள் கண்டுபிடித்தோம். பெரியவர்களுக்கு மணிக்கு எத்தனை மில்லி என்று முழு எண்ணில் ஏற்றினால் போதும். ஒரு கிலோ எடைப் பிள்ளைக்குப் புள்ளிக்கு அப்புறம் இருக்கிற எண்ணும் முக்கியம். புதுத் திரையில் 2.4 என்று போட்டால் 2.4 என்றே காட்டியது. உள்ளே பழைய கணக்கு அதை 2 என்று எடுத்துக்கொண்டது. ஆறில் ஒரு பங்கு மருந்து பிள்ளைக்குப் போய்ச் சேராது. திரையைப் பார்க்கிற நர்ஸுக்கு அது தெரியவும் தெரியாது. அந்த நர்ஸ் இடத்தில் நான் என் அம்மாவைத்தான் பார்த்தேன்.

கருவி ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே திருத்திவிட்டோம். பெரிய சாதனை என்று சொல்ல வரவில்லை. தேதி தள்ளிப் போயிற்று. அந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வும் தள்ளிப் போயிற்று. வீட்டுக்காரம்மா இரண்டு நாள் பேசவில்லை!

அன்றைக்குத்தான் அப்பா சொன்ன தச்சன் கதை எனக்குப் புரிந்தது. ஆணி அடிக்கிறவன் நம்புகிறானா, இல்லையா என்பது அவனுக்கும் ஆண்டவனுக்கும் உள்ள விவகாரம். உள்ளே ஏறப்போகிற உயிருக்கு அவன் அடித்த ஆணி நிற்க வேண்டும். கலர் ட்ரீம்ஸ்காரர்களை நான் இன்று திட்டுவதில்லை. வயிற்றுப் பிழைப்புக்கு ஒரு வழி தேடினார்கள். மேல்தோலை மாற்றியது கூடத் தப்பில்லை. நம் தொழிலில் பாதி அதுதான். குழந்தையைத் தூக்கும் இடத்திலும் மாட்டை எறிகிற பட்டனையே விட்டுவிட்டார்களே, அங்கேதான் தப்பு. விளையாட்டில் அது சிரிப்பு. நாம் செய்கிற பொருளில் அது சிரிப்பாக இருக்காது.

அந்த எவர்சில்வர் டம்ளரையும் சொல்லிவிடுகிறேன். 2018-இல் எங்கள் ஆச்சி இறந்த ராத்திரி, பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன். என்ன செய்வது என்று தெரியவில்லை. வாய் தானாக அந்தச் சங்கீதத்தைச் சொல்லத் தொடங்கியது. ஒரு வரி கூட விட்டுப் போகவில்லை. டம்ளருக்காகப் படித்ததுதான். ஆனால் அந்த ராத்திரி அது தாங்கியது. ஆகவே நட்சத்திரம் ஒட்டின அப்பாவையும் நான் இப்போது குறை சொல்வதில்லை. இப்போது நீ சர்ச்சுக்கு ஒழுங்காகப் போகிறாயா என்று கேட்காதீர்கள். பாதி ஞாயிறு போகிறேன். மீதி ஞாயிறு அப்பா போன் செய்கிறார்.

தம்பி தங்கைகளே, நீங்கள் எந்த மதமோ, மதமே வேண்டாம் என்பவர்களோ, எனக்குத் தெரியாது. இது பிரசங்கமும் இல்லை. நாளைக்கு நீங்கள் எழுதுகிற நிரலும், வரைகிற பாலமும், இழுக்கிற மின்கம்பியும் எதைத் தூக்கப் போகின்றன என்று அவற்றுக்குத் தெரியாது. தெரிய வேண்டியவர்கள் நீங்கள். "மேலே மட்டும் மாத்து, போதும்" என்று ஒருவர் சொல்லும்போது, உள்ளே யார் ஏறப்போகிறார்கள் என்று ஒரு தடவை கேளுங்கள். கேட்டால் இரண்டு வாரம் தாமதமாகும், அவ்வளவுதான்.

அம்மா ஓய்வு பெற்றுவிட்டார்கள். கேசட் இப்போது என் வீட்டில் இருக்கிறது. என் மகளுக்கு ஏழு வயது. போன பள்ளி விடுமுறையில் ஆச்சியும் பேத்தியும் உட்கார்ந்து விளையாடினார்கள். குழந்தை மோசேயில் என் மகள் ஒரு தடவை கூட எறியும் பட்டனை அமுக்கவில்லை. ஏம்மா என்று கேட்டேன். "ஆச்சி வைவாங்க" என்றாள்.

வைய ஓர் ஆச்சி இருக்கிற வரைக்கும் நமக்குக் கவலையில்லை.